அடைக்கலத்திற்குப் பின் வரும் காய்ச்சல்

மக்காவைத் துறந்து மதீனா வந்தடைந்த முஹாஜிர்களைப் புதிய ஊரின் காய்ச்சல் பற்றிக்கொண்டது. ஹஜ்ரத் அபூபக்கர் (ரலி) அவர்களும் பிலால் (ரலி) அவர்களும் படுக்கையில் வீழ்ந்தனர். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் இருவரையும் சென்று கண்டு நலம் விசாரித்து, நிலைமையை நாயகம் (ஸல்) அவர்களிடம் எடுத்துரைத்ததும், அண்ணலார் அவ்வூரை நலமுடையதாக்கித் தருமாறு இறைஞ்சியதும் புகாரி ஷரீபிலே பதிவாகியுள்ளன. அன்சாரிகள் வீட்டையும் தோட்டத்தையும் பங்கிட்டளித்த வரலாற்றை நாம் பலகால் பேசுகிறோம். நோயுற்ற புதியவரைச் சென்று கண்டு, அவர் நிலையை உரிய இடத்திலே சொன்ன இந்நிகழ்ச்சியை அவ்வளவாகப் பேசுவதில்லை. அமெரிக்காவில் அகதிகளிடையே பயிற்சிப் பணி புரியும் கல்லூரி மாணவர்களைப் பற்றி எண்ணும்போது இதுவே நினைவுக்கு வருகிறது. அவர்கள் செய்வதும் ஏறக்குறைய இதுதான்.

அந்நாட்டின் 1980-ஆம் ஆண்டு அகதிகள் சட்டத்தின்படி வந்து சேர்வோரைக் குடியமர்த்தும் பொறுப்பு, அரசின் பொருளுதவி பெறும் தொண்டு நிறுவனங்களுடையது. அவற்றின் தொடக்க உதவி ஏறத்தாழ 90 நாட்களுக்கே உரியது. அதற்குள் வீடு, பள்ளி, வேலை, உடற்பரிசோதனை யாவும் நடந்தாக வேண்டும். காபூல் வீழ்ந்த 2021-இல் 76,000-க்கும் மேற்பட்ட ஆப்கானியர் சில மாதங்களிலேயே அங்குக் கொண்டுவரப்பட்டபோது, நிறுவன ஊழியர்களால் ஈடுகொடுக்க இயலவில்லை. சர்வதேச மீட்புக் குழு போன்ற அமைப்புகளின் கிளைகளிலே பொதுச் சுகாதாரமும் செவிலியமும் சமூகப் பணியும் பயிலும் மாணவர்கள் பயிற்சியாளர்களாக அமர்வது அதற்கு முன்பே இருந்த வழக்கந்தான்.

இவர்கள் மருத்துவம் செய்வதில்லை. மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையே கிடக்கும் நீண்ட பாதையில் உடன் நடக்கின்றனர். தொலைபேசியில் நாள் குறிப்பது, காப்புறுதிப் படிவம் நிரப்புவது, எந்தப் பேருந்தில் ஏறி எங்கே இறங்குவது என்று ஒருமுறை கூடவே சென்று காட்டுவது, மருந்துக்கடையில் அடுத்த மாதத்து மாத்திரையை எங்ஙனம் கேட்டுப் பெறுவது என்று கற்பிப்பது ஆகியன இவர்தம் வேலைகள். இவற்றை அற்பமென்று கருதுவோர், அறியாத மொழியில் வந்த மருத்துவமனைக் கடிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்ட ஒரு தாயின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வீட்டுக்குச் செல்பவன் கண்ணில் படுவது மருத்துவர் கண்ணில் படுவதில்லை. அமெரிக்காவில் குடியேறிய ஆப்கானியக் குழந்தைகளின் இரத்தத்திலே ஈயம் மிகுந்திருக்கக் கண்டனர். வாஷிங்டன் மாநிலத்துக் கிங் கவுண்டி ஆய்வாளர்கள், அக்குடும்பங்கள் தாயகத்திலிருந்து கொண்டுவந்த அலுமினியச் சமையற் பாத்திரங்களைச் சோதித்தபோது, அவற்றிலிருந்து ஈயம் உணவிற் கலப்பது தெரிய வந்தது. அவ்வாய்வு 2022-இல் வெளியாயிற்று. கண்ணுக்கிடும் சுர்மாவிலும் சிலவற்றில் ஈயமுண்டு. சுன்னத்தென்று பிள்ளையின் கண்ணில் சுர்மா இடும் தாயிடம், அது நஞ்சென்று அயலான் ஒருவன் வந்து சொன்னால் அவள் மனம் என்ன பாடுபடும்? தாரி மொழியோ பஷ்டோ மொழியோ பேசும் மாணவி ஒருத்தி அருகிலமர்ந்து, ஈயமில்லாத சுர்மாவையே தேடி வாங்குவோம் என்று சொன்னாலன்றோ அவ்வறிவுரை ஏறும்!

மொழியென்னும் இவ்விடத்தில்தான் ஆபத்தும் உள்ளது. லாவோஸிலிருந்து வந்த மாங் இனக் குடும்பத்தின் கைக்குழந்தை ஒன்றை, 1982-இல் கலிபோர்னியாவின் மெர்செட் நகர் மருத்துவமனைக்குப் பெற்றோர் இருமுறை தூக்கிச் சென்றனர். வந்தது வலிப்பு, அதைச் சொல்ல மொழிபெயர்ப்பாளர் இல்லை. வந்து சேர்வதற்குள் வலிப்பும் நின்றுவிட்டபடியால், நெஞ்சுச்சளியென்று மருந்து கொடுத்து அனுப்பினர். 1983 மார்ச்சில் மூன்றாம் முறை, மருத்துவர் கண்ணெதிரிலேயே வலிப்பு நீடித்த பின்னரே உண்மை விளங்கிற்று. ஆன் ஃபாடிமன் 1997-இல் எழுதிய நூலால் இது உலகறிந்த செய்தியாயிற்று. அவசர நிலை தவிரச் சிறுவரை மொழிபெயர்ப்பாளராக்கலாகாதென்று 2016-இல் அந்நாட்டரசு விதித்தது. நன்று, ஆனால் பத்து வயது மகனுக்குப் பதிலாக இருபது வயதுப் பயிற்சி மாணவனை நிறுத்துவதும் அத்தகைய தவறே என்பது நம் கருத்து. ஒரு மொழியை வீட்டிலே பேசத் தெரிந்தவன், அம்மொழியில் மருந்தின் அளவையும் அறுவைச் சிகிச்சையின் ஆபத்தையும் பிழையறச் சொல்ல வல்லவனாகிவிட மாட்டான். ஊதியம் பெறும் தேர்ந்த மொழிபெயர்ப்பாளரை அழைக்குமாறு மருத்துவமனையை வற்புறுத்துவதே அவன் செய்யத்தக்கது.

இன்னொன்று: மாணவனின் பருவம் நான்கு மாதங்களில் முடிகிறது. நீரிழிவோ போர் தந்த மன நோயோ அப்படி முடிவதில்லை. எனவே எல்லாவற்றையும் தானே செய்து கொடுக்கும் மாணவனைவிட, மூன்றாம் முறை அந்தக் குடும்பத்தலைவியையே தொலைபேசியை எடுக்கச் செய்யும் மாணவனே பயனுள்ளவன்.

இப்பணியின் நிலமே இன்று சுருங்கி வருகிறது. 2024 நிதியாண்டில் ஏறத்தாழ ஒரு லட்சம் அகதிகளை ஏற்ற நாடு, 2025 ஜனவரியில் குடியமர்த்தலை நிறுத்தி வைத்தது. 2026 நிதியாண்டுக்கு விதித்த உச்சவரம்பு 7,500. ஏழையருக்கான மெடிகெய்ட் திட்டத்தில் இடம்பெறாத அகதிகளுக்கு 12 மாதம் கிடைத்த மருத்துவ உதவி, 2025 மே முதல் 4 மாதமாகக் குறைக்கப்பட்டது. மெடிகெய்ட்டில் இடம்பெறும் தகுதியையே அகதிகளிடமிருந்து நீக்கும் சட்டமும் 2025 ஜூலையில் நிறைவேறியது. அது 2026 அக்டோபர் 1-ஐ நாளாகக் குறித்தது. முன்பெல்லாம் மாணவன் நிரப்பக் கற்ற படிவம் எதுவோ, அதுவே பயனற்றுப் போகும் நிலை. பணம் கொடுக்க இயலாதவரையும் திருப்பி அனுப்பாமல், வருவாய்க்கேற்பக் கட்டணம் பெறும் சமூகச் சுகாதார நிலையங்கள் அந்நாட்டில் உள்ளன. அவற்றுள் எது எந்தப் பேருந்து வழியில் இருக்கிறது, எங்கே பெண் மருத்துவர் இருக்கிறார் என்று விசாரித்து வைப்பதே இனி அம்மாணவர்களின் முதல் வேலையாகக்கூடும்.