தெருவை இடிச்சிட்டு படத்தைக் கும்பிடுறவங்க

பழைய ஊர்ப் படங்களைக் காட்டினா போதும், மக்களுக்கு ஒரு பெருமூச்சு வந்துரும். "ஆஹா, என்ன அமைதி, என்ன எளிமை, அந்தக் காலம் மாதிரி வருமா..." அதுலயும் ஸ்காட்லாந்து கிராமத்து மெயின் ஸ்ட்ரீட் படம்னா கேக்கவே வேணாம். கல் வீடு, ஓட்டுக் கூரை, முதுகுல கூடை சுமந்த பொம்பளைங்க. இந்தப் பெருமூச்சு மேல எனக்குச் செம கடுப்பு. ஏன்னு சொல்ல ஒரே ஒரு தெரு போதும்: எடின்பரோவுக்கு வடக்கே கடலோரத்துல இருக்குற நியூஹேவனோட மெயின் ஸ்ட்ரீட்.

முதல்ல படம் எப்படி வந்துச்சுன்னு பார்ப்போம். 1843-ல ஸ்காட்லாந்து சர்ச் ரெண்டா உடைஞ்சுது. டேவிட் ஆக்டேவியஸ் ஹில்னு ஒரு ஓவியர், அந்தச் சம்பவத்தை 457 முகங்களோட ஒரே ஓவியமா வரையணும்னு கிளம்பிட்டார். இத்தனை முகத்தை எப்படி ஞாபகம் வச்சுக்கிறது? ராபர்ட் ஆடம்சன்னு ஒரு இளைஞரோட கூட்டுச் சேர்ந்து போட்டோ எடுக்க ஆரம்பிச்சார். (ஓவியம் முடிஞ்சது 1866-ல. அசைன்மென்ட் லேட்டா குடுக்குறவங்க மனசைத் தேத்திக்கலாம் :-) ) அந்தக் கூட்டு நாலஞ்சு வருஷம்தான் ஓடுச்சு. 1848-ல ஆடம்சன் 26 வயசுல இறந்துட்டார். அதுக்குள்ள ரெண்டு பேரும் நியூஹேவன் மீனவங்களை எடுத்த படங்கள்தான் இன்னைக்கு உலகப் புகழ்.

அவங்க பயன்படுத்தினது கலோடைப் முறை. காகித நெகடிவ். இங்கிலாந்துல அதுக்கு டால்பட் பேட்டன்ட் வாங்கி வச்சிருந்தார், ஸ்காட்லாந்துல அது செல்லாது. அதனாலதான் தொழிலே அங்க துளிர்த்துச்சு. மெர்க்கன்டைல் லா படிக்கிற நம்ம ஆளுங்க இதைக் குறிச்சுக்கலாம். ஆனா நல்ல வெயில் வேணும், ரொம்ப நேரம் அசையாம நிக்கணும். அதனால சுவர்ல சாய்ஞ்சு, படகுல சாய்ஞ்சு, ஒருத்தர் மேல ஒருத்தர் சாய்ஞ்சு நிக்கிறாங்க. நகர்ற எதுவும் அந்தக் காகிதத்துல தங்காது. நீங்க 'என்ன அமைதி'ன்னு உருகுறீங்களே, அது தெருவோட அமைதி இல்லீங்க, கேமராவோட இயலாமை!

பின்னாடி அபர்டீன்ல ஜார்ஜ் வாஷிங்டன் வில்சன், டண்டீல வாலன்டைன் கம்பெனின்னு ஸ்காட்லாந்துக் காட்சிகளைப் படமாக்கி விக்கிறது பெரிய வியாபாரமாவே ஆயிடுச்சு. போஸ்ட் கார்டுல வந்த தெருவெல்லாம் சுற்றுலா வர்றவங்களுக்கு வித்த சரக்கு. சரக்குல அழுக்கு தெரியற மாதிரியா எடுப்பாங்க?

சரி, அந்தப் படத்துல இருக்குற 'எளிமை' என்ன? ஆம்பளைங்க மேல்தளம் இல்லாத திறந்த படகுல ஃபோர்த் கடல்முகத்துக்குப் போனாங்க. பொம்பளைங்க மீனைக் கூடையில ஏத்தி, வாரை நெத்தியில மாட்டி, முதுகுல சுமந்துக்கிட்டு எடின்பரோவுக்கு மூணு கிலோமீட்டர் மேட்டுல ஏறி வீடு வீடா வித்தாங்க. எந்த வீட்ல எந்த மீன் போகும், எங்க பேரம் படியும், யாருக்குக் கடன் குடுக்கலாம், எல்லாம் தலைக்குள்ளயே. நாம மூணு வருஷமா நாலு புஸ்தகத்துல படிக்கிற மார்க்கெட்டிங், டிஸ்ட்ரிப்யூஷன், கலெக்‌ஷன் எல்லாத்தையும் ஒரே ஆள் பார்த்துருக்காங்க. கஷ்டப்பட்டவங்களுக்குக் கைகுடுக்க மீனவங்களே வச்சிருந்த சங்கமும் இருந்துச்சு. இதுக்குப் பேரு எளிமையா?

இப்ப மெயின் மேட்டர். நியூஹேவன் லீத் நகராட்சியோட பகுதி. 1920-ல லீத்தை எடின்பரோவோட இணைக்கலாமான்னு மக்கள்கிட்ட கேட்டாங்க. வேண்டாம்னு 26,810 ஓட்டு, வேணும்னு 4,340. இணைச்சிட்டாங்க! அப்புறம் 1950-களோட கடைசியிலயும் 1960-களிலயும் அந்த எடின்பரோ மாநகராட்சி நியூஹேவன் பழைய வீடுகள்ல நிறைய எடத்தைக் கட்டாயமா வாங்கி இடிச்சு, புதுசா கட்டுச்சு. பல குடும்பங்களை நகரத்தோட வேற மூலைகளுக்கு அனுப்புனாங்க. திரும்பி வராதவங்கதான் நிறைய.

வீடுங்க ஈரமா, நெருக்கமா இருந்துச்சு, சரி பண்ண வேண்டிய நிலைமைதான், ஒத்துக்கறேன். மீன்பிடித் தொழிலும் அப்பவே தேய ஆரம்பிச்சிருந்துச்சு, அந்தப் பழியை மாநகராட்சி தலையில கட்ட முடியாது. ஆனா பார்ட்னர்ஷிப் அக்கவுன்ட்ஸ்ல ஒரு பங்குதாரர் விலகினா மேசை நாற்காலிக்கு மட்டுமா கணக்குப் போடுறோம்? குட்வில்னு ஒண்ணுக்கு மதிப்புப் போட்டு அவருக்குக் குடுக்குறோம் இல்ல? கண்ணுக்குத் தெரியாத சொத்துக்குக்கூட விலை உண்டுன்னு வணிகவியல் ஒத்துக்குது. ஒரு தெருவைக் கையகப்படுத்தும்போது நிலத்துக்கும் சுவருக்கும்தான் மதிப்பு. யார் குழந்தையை யார் பார்த்துக்குவாங்க, படகு வர லேட்டானா யார் வீட்டுக் கதவைத் தட்டலாம்ங்கிறதெல்லாம் எந்த லெட்ஜர்லயும் ஏறல. புது வீடு குடுத்தாச்சு, கணக்கு முடிஞ்சுது!

இதே நேரத்துல படத்தோட மதிப்பு மட்டும் ஏறிக்கிட்டே போச்சு. ஹில்லும் ஆடம்சனும் எடுத்த ஆயிரக்கணக்கான படங்கள் ஸ்காட்லாந்து தேசிய போர்ட்ரெய்ட் கேலரியில பத்திரமா இருக்கு. நியூஹேவன் மீன்காரி ஒருத்தங்களோட படத்தைப் பத்தி வால்டர் பெஞ்சமின் 1931-லயே எழுதியிருக்கார். போட்டோகிராபரோட திறமையையும் தாண்டி, அந்தப் பொம்பளையோட பேரைக் கேக்க வைக்குது இந்தப் படம்ங்கிறது அவரோட கருத்து. அந்தப் பேரும் நமக்குக் கிடைச்சிருக்கு: எலிசபெத் ஜான்ஸ்டன் ஹால். பெருமூச்சு விடுற கூட்டத்துல எத்தனை பேர் இந்தப் பேரைத் தேடியிருப்பாங்க?

"படமாவது மிஞ்சுச்சே, சந்தோஷப்படுப்பா"ன்னு என் ரூம்மேட் சொல்றான். சந்தோஷம்தான். ஆனா சுவர்ல மாட்டி அழகு பார்க்குறது வேற, படத்தை வவுச்சர் மாதிரி கையில வச்சுக்கிட்டு கணக்கு கேக்குறது வேற. இந்த வீட்ல யார் இருந்தாங்க, எப்ப போனாங்க, யார் அனுப்புனாங்க? ஆடிட்டர் கேக்குற கேள்விதான் இது, இதுல ரசனைக் குறைவு ஒண்ணும் இல்ல.

ஊர்க்காரங்க ஞாபகங்களையும் பொருள்களையும் வச்சு, பழைய மீன் மார்க்கெட் கட்டடத்துல 1994-ல ஒரு மியூசியம் தொடங்குனாங்க. 2007-ல அதையும் மூடியாச்சு. 2023 ஜூன்ல டிராம் மட்டும் நியூஹேவன் வரைக்கும் வந்துருச்சு, அதான் கடைசி ஸ்டாப்.

ஒத்துக்காதவங்க தாராளமா பின்னூட்டத்துல சண்டைக்கு வாங்க. "அந்தக் காலம் மாதிரி வருமா"ன்னு மட்டும் ஆரம்பிக்காதீங்க, ப்ளீஸ். நாளைக்கு காஸ்ட்டிங் பரீட்சை வேற, இன்னும் ஒரு கணக்கு கூட போடல. வரேன்.