அப்போ இவன் இல்லையா?

2018 அக்டோபரில் ஒரு ராத்திரி ஆட்டம். எங்கள் ஊர்த் தியேட்டரில் ‘ராட்சசன்’ ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடப் பெண்களைக் கடத்திக் கொல்கிறவன் யார் என்று அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. திரையில் ஓர் ஆசிரியர் வந்தார். மதிப்பெண்ணைக் காட்டி மிரட்டி மாணவிகளிடம் அத்துமீறுகிறவர். அரங்கம் அசைந்தது. “இவன்தான்டா” என்றது ஒரு மூலை. அவர் அகப்பட்டபோது விசில். செத்தபோது கைதட்டல். ஆனால் கடத்தல் நிற்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஓர் இளைஞன் உண்மையான ஏமாற்றத்தோடு கேட்டான்: “அப்போ இவன் இல்லையா?”

அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ குற்றப் படங்கள் வந்து போய்விட்டன. அந்தக் கேள்வி மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை. அதைப் பற்றித்தான் இந்தத் தலையங்கம். முடிவைச் சொல்லாமல் இதை எழுத வழியில்லை. படம் பார்க்காதவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுவோம். திரில்லர் என்றாலே முகம் சுளிப்பது சிற்றிதழ்க்காரர்களின் பழைய நோய். அந்த நோய் எங்களுக்கு இல்லை. இருட்டில் முன்பின் தெரியாத நானூறு பேரோடு சேர்ந்து பயப்படுவது ஓர் அரிய அனுபவம். கோயில் திருவிழாவில் நள்ளிரவுக்கு மேல் கூத்து பார்த்த தலைமுறைக்கு அது தெரியும். ராம்குமார் இயக்கிய அந்தப் படம் அதைச் சரியாகச் செய்தது. ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடியும் யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. பரிசுப் பெட்டிக்குள் சிதைக்கப்பட்ட பொம்மைத் தலை, எங்கிருந்தோ வந்து நரம்பைச் சுண்டும் ஜிப்ரானின் இசை, மகளின் உடலைப் பார்க்கும் தகப்பனாக முனீஷ்காந்த். அதுவரை சிரிப்புக்காகவே நாம் அறிந்திருந்த அந்த நடிகர் உடைந்து நின்றபோது எனக்கு இரண்டு இருக்கை தள்ளி இருந்த பெரியவர் எழுந்து வெளியே போய்விட்டார். சிறுநீர் கழிக்கப் போனவர்போலத் தெரியவில்லை. படம் முடியும்வரை அவர் திரும்பி வரவும் இல்லை.

ஆக, ஒரே படத்துக்கு ஒரே அரங்கில் குறைந்தது இரண்டு எதிர்வினைகள். ஒருவர் எழுந்து போகிறார். இன்னொருவர் விடுகதைக்கு விடை தேடுகிறார். அரங்கத்தின் சத்தமெல்லாம் இரண்டாமவர் பக்கம்தான். இடைவேளையில் டீக்குப் பந்தயம், படம் முடிந்ததும் “நான் அப்பவே சொன்னேன்ல” என்ற பெருமை, பார்க்காத நண்பன் வந்தால் “யார்னு மட்டும் சொல்லிடாதீங்கடா” என்ற வேண்டுதல்.

இந்த வேண்டுதலுக்கு ஒரு வரலாறு உண்டு. 1960இல் ‘சைக்கோ’ வெளியானபோது, படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக் கூடாது என்று தியேட்டர்களுக்கு நிபந்தனை போட்டார் ஹிட்ச்காக். முடிவை வெளியே சொல்லிவிடாதீர்கள் என்று பார்வையாளர்களைக் கேட்டுக்கொண்டார். ஜனங்கள் வரிசையில் நின்றார்கள், அலறினார்கள், ரகசியத்தைக் காப்பாற்றவும் செய்தார்கள். ஒரு கொலைப் படத்தைப் பார்த்தவர்களெல்லாம் ஒரு சத்தியத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் என்ற மரபு அப்போது வேர்விட்டது.

அதே 1960இல், ‘சைக்கோ’வுக்குச் சில வாரங்கள் முன்னால், இங்கிலாந்தில் மைக்கேல் பவலின் ‘பீப்பிங் டாம்’ வந்தது. அதில் கொலைகாரன் பெண்களைக் கொல்லும்போது அவர்கள் முகத்தில் தெரியும் பயத்தைக் கேமராவில் பிடிக்கிறான். பிறகு இருட்டறையில் தனியாக உட்கார்ந்து அதைப் போட்டுப் பார்க்கிறான். விமர்சகர்கள் கொதித்துப்போனார்கள். படம் சீக்கிரமே தியேட்டர்களைவிட்டுப் போனது. மதிப்புமிக்க இயக்குநராக இருந்த பவலின் வாழ்க்கை அதோடு சரிந்தது. இரண்டு படத்திலும் கொலைகாரன் மனம் பிறழ்ந்தவன்தான், இரண்டிலும் பெண்கள் கொல்லப்படுகிறார்கள். ‘சைக்கோ’ நம்மைப் பயமுறுத்தியது. ‘பீப்பிங் டாம்’ பயத்தை ரசிக்கிற நம்மைத் திரையில் காட்டியது. முதலாவதற்குக் கூட்டம் கூடியது. இரண்டாவதை மன்னிக்கவே பல ஆண்டுகள் பிடித்தன.

தமிழில் அந்த இருட்டறை 1978இலேயே வந்துவிட்டது. ‘சிவப்பு ரோஜாக்கள்’ படத்தில் கமல்ஹாசன் பெண்களை வீட்டுக்கு அழைத்து வந்து கொல்கிறான். அங்கே நடப்பது பதிவாகிறது. அதைப் பார்க்கிறவர் அவனுடைய வளர்ப்புத் தந்தை. புதைத்த இடத்தில் ரோஜாச் செடி. மண்வாசனைக்காரர் என்று பெயர் வாங்கிய பாரதிராஜா தன் மூன்றாவது தமிழ்ப் படத்திலேயே இப்படியொரு பார்வையாளனை நடுவில் உட்காரவைத்தார். ஆனால் நாம் பார்த்தது என்ன? கமலின் அழகு, ஸ்ரீதேவியின் தவிப்பு, இளையராஜாவின் இசை. சிறைக்குள் நினைவு தப்பி, மனைவியின் பெயரை மட்டும் முணுமுணுக்கும் கொலைகாரனுக்காக ஜனங்கள் உச்சுக்கொட்டினார்கள். ரோஜாச் செடிக்கு அடியில் கிடந்த பெண்களுக்காக உச்சுக்கொட்டியதாக நான் யார் வாயிலும் கேட்டதில்லை. இருட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கிழவர் நம்மைப் போலவே ஒரு ரசிகர் என்பதும் யாருக்கும் உறைக்கவில்லை.

இன்னும் கொஞ்சம் பின்னால் போகலாம். 1954இல் ஏவி.எம். தயாரித்து, வீணை வித்வான் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’. பாட்டு இல்லை, ஆட்டம் இல்லை, சண்டை இல்லை. 1943இல் சென்னைமீது ஜப்பானிய விமானம் குண்டு போட்டதற்கு மறுநாள் கதை தொடங்குகிறது. படம் ஆரம்பித்த உடனே சிவாஜி கணேசன் சுடப்பட்டுச் செத்துவிடுகிறார். பிறகு ஒவ்வொருவர் வாய்மொழியிலும் அவர் ஒவ்வொரு மாதிரி உயிர்த்தெழுகிறார். கடைசியில் சுட்டது யார்? வெளியாள் யாரும் இல்லை. தேசத்தைக் காட்டிக்கொடுக்கும் கணவனுக்கு எதிராகத் துப்பாக்கியை நீட்டிய மனைவி, பண்டரிபாய். வெளியான காலத்தில் படம் ஓடவில்லை. பாட்டில்லாத படத்தை அன்றைய ரசிகர்கள் ஏற்கவில்லை என்று எல்லோரும் காரணம் சொல்வார்கள். அது சரிதான். ஆனால் அந்தப் படத்தில் இன்னும் ஒரு துணிச்சல் இருந்தது. குற்றத்துக்கான விடையை அது வீட்டுக்குள்ளேயே வைத்தது. செத்தவனை முழு மனிதனாக நமக்குத் தெரியவைத்தது. படம் முடியும்போது கொலைகாரியைவிடக் கொலையுண்டவனைப் பற்றித்தான் நமக்கு அதிகம் தெரிந்திருக்கும்.

இனி ‘ராட்சசன்’ பார்த்தவர்கள் ஒரு சிறு பரிசோதனை செய்துகொள்ளலாம். கொலைகாரனின் பெயர் என்ன? கிறிஸ்டோபர். யோசிக்காமல் வரும். கதாநாயகனின் அக்கா மகள்? அம்மு. அதுவும் வரலாம். மற்ற பெண்களின் பெயர்கள்? எனக்கு வரவில்லை. உங்களுக்கு வந்தால் நீங்கள் என்னைவிட நல்ல பார்வையாளர்.

யார் இந்தக் கிறிஸ்டோபர்? உடல் நோயால் முகம் மாறியவன். சிறுவயதில் கேலிக்கு ஆளானவன். பெண் வேடத்தில் பள்ளி பள்ளியாகப் போய் மேஜிக் காட்டுகிறவன். நம் தெருவில் இப்படி ஒருவர் நடந்து போனால் எல்லோர் கண்ணும் அவர் மேல்தான் இருக்கும். நோயுற்றவர், உருவம் வேறுபட்டவர், ஆணா பெண்ணா என்று ஊர் கிசுகிசுக்கிறவர் என யாரை ஏற்கெனவே சந்தேகப்படுகிறோமோ அவரையே படமும் கடைசியில் கையில் கொடுக்கிறது. “சைக்கோடா அவன்” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறோம். அந்த ஒற்றைச் சொல்லில் குற்றத்துக்கும் நமக்கும் உள்ள உறவு தீர்ந்துபோகிறது.

மேஜிக்காரர்கள் வலது கையை ஆட்டுவது நம் கண்ணை இடது கையிலிருந்து விலக்கத்தான். திரைக்கதையும் அந்த வித்தையைத்தான் செய்கிறது. படத்தில் வந்த ஆசிரியர் அப்படி ஆட்டப்பட்ட கை. துப்பறியும் கதையின் இலக்கணப்படி அவர் வெறும் திசைதிருப்பல். அவர் செய்தது கதைக்குத் தேவைப்பட்ட குற்றம் அல்ல, ஆகவே கணக்கில் வராது. “அப்போ இவன் இல்லையா?” என்ற கேள்விக்கு அந்த இலக்கணத்தின் பதில்: இவன் இல்லை, அடுத்தவனைப் பார்.

திரைக்கு வெளியே நிலவரம் நேர்மாறானது. குழந்தைகள்மீதான பாலியல் குற்றங்களில் மிகப் பெரும்பாலானவற்றில் குற்றம் சாட்டப்படுகிறவர் குழந்தைக்குத் தெரிந்தவர் என்றே தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் சொல்கின்றன. உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், குடும்ப நண்பர், பாடம் சொல்லிக் கொடுப்பவர். முகமூடி போட்டுப் பியானோ இசையோடு வருகிறவர்கள் அல்லர். விபூதி வைத்து, டிபன் பாக்ஸ் எடுத்துக்கொண்டு, வணக்கம் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள். நிஜத்தில் ‘இவன்தான்’. படத்தில்தான் ‘இவன் இல்லை’.

இதைச் சொன்னால் இரண்டு பதில்கள் வரும். ஒன்று, “படத்தைப் படமா பாருங்க.” அப்படித்தான் பார்க்கிறோம். படத்தைத் தடை செய் என்றோ, வெட்டு என்றோ இந்த இதழ் ஒருநாளும் எழுதாது. இன்னொன்று, இதற்கு எதிர்த்திசையிலிருந்து வரும்: “இந்த மாதிரிப் படங்களாலதான் நாடு கெட்டுப்போகுது.” இதையும் நாங்கள் ஏற்கவில்லை. எங்கள் வழக்கு படத்தோடு இல்லை, இருட்டில் உட்கார்ந்திருந்த எங்களோடு. அதே வாரத்தில்தான் ‘96’ம் வந்தது. தஞ்சாவூர்ப் பள்ளிக்கூடச் சீருடையில் ஜானுவைப் பார்த்து நெஞ்சு கனிந்த அதே ஆட்கள், மறுநாள் பக்கத்துத் திரையில் அதேபோன்ற சீருடையைத் துப்பு ஒன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் படத்தில் அந்தச் சீருடை நம் ஏக்கம். இரண்டாவதில் நம் விடுகதை. அதைப் போட்டிருக்கும் பெண் பிள்ளையின் பக்கமிருந்து இரண்டு படத்தையும் பார்க்க நமக்குத் தோன்றவில்லை.

அப்படிப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பாடம் நடத்தும் தோழி சொன்னது இது. ‘ராட்சசன்’ டிவியில் போட்ட மறுநாள் பத்தாம் வகுப்பில் அதே பேச்சு. கிறிஸ்டோபரைப் பற்றி ஒருத்தியும் பேசவில்லையாம். அவன் பேய்க்கதை மாதிரி, பயந்தார்கள், மறந்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க அவர்கள் பேசியது ‘அந்த சாரை’ப் பற்றி. கடைசியில் ஒரு பெண் தோழியிடம் வந்து கேட்டிருக்கிறாள்: “டீச்சர், அந்த சார் செத்துட்டாரு, சரி. சாகலேன்னா அந்தப் பொண்ணு மறுநாள் ஸ்கூலுக்கு வந்திருப்பாளா?”

தோழியிடம் பதில் இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு அதுதான் படம். நமக்குத் திசைதிருப்பலாக இருந்தது அவர்களுக்கு மையக்கதை. நாம் “இவன் இல்லையா” என்று சலித்துக்கொண்ட இடத்தில் அவர்கள் நின்றுவிட்டார்கள். இவ்வளவு கூர்மையான விமர்சனத்தை அந்தப் படத்தைப் பற்றி நான் எங்கும் படிக்கவில்லை.

2012இல் வந்த போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்ததாகவோ நடக்கப்போவதாகவோ தெரிந்த எவரும் அதைக் காவல்துறையிடம் சொல்லியாக வேண்டும் என்கிறது. 21ஆம் பிரிவின்படி, சொல்லாமல் மறைப்பவருக்கு ஆறு மாதம்வரை சிறை. நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழே உள்ளவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டுவரை. சாதாரணமாக நம் சட்டங்கள் செய்கிறவனைத்தான் துரத்தும். இந்தச் சட்டம் பார்த்துக்கொண்டிருப்பவனையும் எழுப்புகிறது.

‘சைக்கோ’ தொடங்கி அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு பழக்கத்தில் நாம் கெட்டிக்காரர்கள்: யார் என்று தெரியும், ஆனால் சொல்ல மாட்டோம். தியேட்டரில் அது நாகரிகம். வீட்டில் அதற்குக் குடும்ப மானம் என்று பெயர். பள்ளிக்கூடத்தில் நிர்வாகத்தின் நற்பெயர். “வெளியே சொல்லிடாதே” என்ற வார்த்தை மூன்று இடத்திலும் ஒன்றுதான்.

அடுத்த முறை ஒரு திரில்லருக்குப் போகும்போது பந்தயம் கட்டுங்கள், விசில் அடியுங்கள், பயப்படுங்கள். நாங்களும் பக்கத்து இருக்கையில்தான் இருப்போம். முடிவை நண்பர்களிடம் சொல்லவும் வேண்டாம். ஆனால் திரைக்கதை ஒருவரை “இவன் இல்லை” என்று தள்ளிவிட்டுப் போகும்போது, அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை மறக்காமல் வெளியே வாருங்கள். வெளியே அப்படி ஒருவரை உங்களுக்குத் தெரிந்திருந்தால், அந்த முடிவைச் சொல்லிவிடுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. கட்டணம் கிடையாது.