சூப்பர் காரில் பால் பாக்கெட் வாங்கப் போக முடியுமா?

யூடியூபில் எந்த ஸ்போர்ட்ஸ் கார் வீடியோவைத் திறந்தாலும் முதல் பத்து விநாடிக்குள் சத்தம் வந்துவிடும். புகை, டயர் கீச்சல், துடிக்கும் முள், 'நூறைத் தொட எத்தனை விநாடி' என்று திரை முழுக்க ஒரு எண். வீடியோ முடியும்வரை அந்த கார் ஒரு தடவைகூட ரிவர்ஸ் எடுக்காது. டிக்கியைத் திறந்து யாரும் ஒரு பையை வைக்க மாட்டார்கள். டிராஃபிக்கில் அரை மணி நேரம் கிளட்ச்சை மிதித்துக்கொண்டு நிற்கிற காட்சி வரவே வராது.

வாங்கியவர் அதிகம் செய்யப்போவது என்னவோ இதையெல்லாம்தான். எத்தனை கோடி ரூபாய் காராக இருந்தாலும், ஓடும் நேரத்தில் பெரும்பகுதி ஊருக்குள் 30, 40 கி.மீ வேகத்தில்தான் போகும். அப்படியானால் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை நல்ல கார் என்று எதை வைத்துச் சொல்வது? த்ரில்லுக்கு ஒரு மார்க், தினசரி வசதிக்கு ஒரு மார்க் என்று தனித்தனியாகப் போட்டு, கடைசியில் கூட்டிக்கொள்வதுதான் வழக்கம். ஒன்று கூடினால் மற்றது குறையும் என்பது அதில் சொல்லாமலே ஒளிந்திருக்கும் கணக்கு.

அந்தக் கணக்கைக் குழப்பிய ஒரு கார் இருக்கிறது. 1990-ல் விற்பனைக்கு வந்த ஹோண்டா என்.எஸ்.எக்ஸ். நான் ஓட்டியதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதை ஓட்டிப் பார்த்துக் கருத்து சொன்னவர்களில் இரண்டு பேர், கார் விஷயத்தில் பேச்சை மறுக்க முடியாத ஆட்கள்.

கதவைத் திறந்து வைத்து ரிவர்ஸ்

முதலில் அந்தக் காலத்து நிலவரம். போஸ்டர் வாங்கி அறைச் சுவரில் ஒட்டிய தலைமுறைக்கு சூப்பர் கார் என்றால் லம்போர்கினி கவுன்டாஷ். பின்கண்ணாடி வழியாக ஒன்றும் தெரியாது. அதனால் ரிவர்ஸ் எடுக்க ஒரு தனி வித்தை இருந்தது. கதவை மேலே தூக்கிவிட்டு, வாசல் விளிம்பில் பாதி உட்கார்ந்து, உடம்பை வெளியே நீட்டித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பின்னால் எடுப்பார்கள். பார்ப்பவர்களுக்கு ஸ்டைல்தான். மழை பெய்தால்?

ஃபெராரி 348 இன்னொரு வகை. அழகான கார், 3.4 லிட்டர் வி8 எஞ்சின். ஆனால் டைமிங் பெல்ட் மாற்றும் நேரம் வந்தால் எஞ்சினையே காரிலிருந்து கீழே இறக்க வேண்டும். சர்வீஸ் பில் எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

இதையெல்லாம் யாரும் குறையாகப் பேசவில்லை என்பதுதான் விசேஷம். சூப்பர் கார் என்றால் அப்படித்தான், சிரமப்பட்டால்தான் மரியாதை என்று ஏற்றுக்கொண்டிருந்தார்கள். ஸ்கூட்டரைச் சாய்த்து ஸ்டார்ட் செய்வதை ஒரு கலையாகவே சொல்லிக்கொண்ட தாத்தாக்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும். கிட்டத்தட்ட அதே மனநிலை.

கவுன்டாஷ் தயாரிப்பு முடிந்ததும் 1990-ல்தான், என்.எஸ்.எக்ஸ் விற்பனை தொடங்கியதும் அதே 1990-ல்தான்.

போர் விமானத்தின் கண்ணாடி

ஷிகேரு உயெஹரா தலைமையிலான ஹோண்டா பொறியாளர்கள் ஓட்டுநரின் இருக்கையில் கவனம் வைத்தார்கள். எஃப்-16 போர் விமானத்தின் காக்பிட்தான் முன்மாதிரி. விமானி எஞ்சினுக்கு முன்னால், கண்ணாடிக் குமிழுக்குள் உட்கார்ந்து சுற்றிலும் பார்ப்பதைப்போல, என்.எஸ்.எக்ஸில் எஞ்சின் முதுகுக்குப் பின்னால் போனது. தூண்கள் மெலிந்தன, பானெட் தாழ்ந்தது. சுற்றியுள்ள 360 டிகிரியில் 300 டிகிரிக்கு மேல் ஓட்டுநர் பார்வைக்குள் வரும்.

வசதிக்காகச் செய்ததுபோலத் தெரியும். ஆனால் மலைப்பாதை வளைவில் முன்சக்கரம் எங்கே இருக்கிறது என்று துல்லியமாகத் தெரிந்தால்தான் தைரியமாக உள்ளே திருப்ப முடியும். தெரியாவிட்டால் எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும் கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விடும். சந்துக்குள் பம்பர் உரசாமல் காப்பாற்றும் அதே பார்வைதான் வளைவிலும் வேகத்தைக் கொடுக்கிறது.

சஸ்பென்ஷன் இன்னும் நல்ல உதாரணம். கொஞ்சம் மெக்கானிக் பாஷை வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அந்த அடியை விழுங்க ஒரு துளி பின்னால் நகர வேண்டும். அதற்கு இடம் கொடுக்கத்தான் சஸ்பென்ஷனில் ரப்பர் புஷ் போடுகிறார்கள். புஷ் மெதுவாக இருந்தால் பயணம் சொகுசாக இருக்கும், ஆனால் சக்கரத்தின் கோணம் லேசாக மாறி ஸ்டீயரிங் தெளிவில்லாமல் போகும். புஷ் இறுகலாக இருந்தால் ஸ்டீயரிங் கத்திபோல இருக்கும், ஆனால் ரோட்டில் உள்ள ஒவ்வொரு கல்லும் இடுப்புக்கு வந்து சேரும். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்க வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

ஹோண்டா என்ன செய்தது என்றால், முன்சக்கரத்தின் மேல் கையையும் கீழ் கையையும் ஒரே சுழல் அச்சில் பிணைத்தது. பள்ளத்தில் அடி விழும்போது இரண்டும் சேர்ந்தே நகரும். சக்கரம் பின்னால் போகும், ஆனால் அது பார்க்கும் திசை மாறாது. இடுப்பும் தப்பித்தது, ஸ்டீயரிங்கும் தப்பித்தது. இந்த காரைப் பற்றிப் படித்ததில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். எஞ்சின்கூட இரண்டாவதுதான்.

எஞ்சினும் லேசுப்பட்டதில்லை. 3 லிட்டர் வி6, வி-டெக், டைட்டானியத்தில் செய்த கனெக்டிங் ராடு, 8,000 ஆர்.பி.எம் வரை சுழலும். அமெரிக்கக் கணக்கில் 270 குதிரைத்திறன். உடல் முழுக்க அலுமினியம் என்பதால் இரும்பில் செய்திருந்தால் வந்திருக்கும் எடையில் சுமார் 200 கிலோ குறைந்து, மொத்தம் 1,370 கிலோ அளவில் நின்றது. டிக்கி எஞ்சினுக்கும் பின்னால், நீண்ட வாலுக்குள். இரண்டு பேர் வார இறுதிக்குக் கிளம்பும் சாமான் அடங்கும். அந்த நீண்ட வால் அதிவேகத்தில் கார் ஆடாமல் போகவும் உதவியது. இங்கேயும் ஒரே பொருள், இரண்டு வேலை.

சென்னா சொன்ன குறை

1989 தொடக்கத்தில் அயர்ட்டன் சென்னா ஜப்பானின் சுஸூகா பந்தயத் தடத்தில் இருந்தார். முந்தைய ஆண்டுதான் மெக்லாரன்-ஹோண்டா 16 ஃபார்முலா ஒன் பந்தயங்களில் 15-ஐ வென்றிருந்தது, சென்னா உலக சாம்பியன். ஹோண்டா ஆட்கள் தங்கள் சோதனைக் காரை அவரிடம் கொடுத்தார்கள். ஓட்டிவிட்டு இறங்கியவர், காரின் உடல் கொஞ்சம் பலவீனமாகத் தோன்றுகிறது என்று சொல்லிவிட்டார்.

உலகப் புகழ் பெற்றவர் இரண்டு நல்ல வார்த்தை சொல்வார், விளம்பரத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் முகம் எப்படிப் போயிருக்கும்! ஹோண்டா ஜெர்மனியின் நர்பர்க்ரிங் தடத்துக்குப் போய் மாதக்கணக்கில் ஓட்டி ஓட்டி, உடலின் உறுதியை சுமார் 50 சதவிகிதம் கூட்டியது. உடல் முறுக்கிக்கொள்ளாமல் இருந்தால்தான் சஸ்பென்ஷன் தன் வேலையைச் செய்யும். ஆக, பந்தய வீரர் சொன்ன குறை தீர்ந்தபோது, மேடுபள்ள ரோட்டில் ஆபீஸ் போகிறவருக்கும் லாபம். சென்னா பிறகு லோஃபர் ஷூவும் வெள்ளை சாக்ஸும் போட்டுக்கொண்டு சுஸூகாவில் என்.எஸ்.எக்ஸை விரட்டும் வீடியோ இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அவருடைய பாதங்கள் பெடல்களில் ஆடுவதை மட்டும் பாருங்கள், போதும்.

குறையே இல்லையா?

இருக்கிறது. ஆரம்ப கால கார்களில் பின் டயர்கள் சில ஆயிரம் மைல்களிலேயே தேய்ந்துபோக, வாங்கியவர்கள் கொதித்தார்கள். வீல் அலைன்மென்ட் கணக்கைப் பிறகு மாற்ற வேண்டியிருந்தது. மேனுவல் கியர் கார்களில் தொடக்கத்தில் பவர் ஸ்டீயரிங் கிடையாது. ஓடும்போது அருமையான உணர்வு, பார்க்கிங்கில் தோள்பட்டைக்கு எக்சர்சைஸ். அலுமினிய உடலில் ஒரு நசுங்கல் விழுந்தால் சாதாரண டிங்கரிங் கடையில் எடுக்க முடியாது. காரின் உயரம் 1,170 மில்லிமீட்டர்தான் என்பதால் முட்டிவலி உள்ளவர்கள் ஏறி இறங்குவது தனிக்கதை. சீட் வேறு இரண்டே இரண்டு. அப்பா, அம்மா, ஒரு குழந்தை என்றால் யாரோ ஒருவர் வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான்.

த்ரில் பக்கத்திலும் ஒரு கேள்வி உண்டு. முதல் கியரிலேயே 75 கி.மீ வேகம் வந்துவிடும். இரண்டாவது கியரில் 8,000 ஆர்.பி.எம் சங்கீதத்தைக் கேட்டு முடிப்பதற்குள் 130-ஐத் தாண்டியிருப்பீர்கள். ஜப்பானின் எக்ஸ்பிரஸ்வேக்களில் பெரும்பாலும் 100-தான் எல்லை. சட்டப்படி ஓட்டினால் எஞ்சினின் பாதிக் கதையைக்கூடக் கேட்க முடியாது. இன்றைய 500, 600 குதிரைத்திறன் கார்களில் இது இன்னும் மோசம். பவர் கூடக் கூட, பொதுச் சாலையில் அனுபவிக்கக்கூடிய பங்கு சுருங்கிக்கொண்டே போகிறது. அப்போது மிஞ்சுவது ஸ்டீயரிங் கைக்குச் சொல்லும் செய்தி, கியர் விழும் சுகம், உட்கார்ந்திருக்கும் விதம். 40 கி.மீ வேகத்திலும் கிடைப்பவை இவை.

'எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் உயிர் இல்லை' என்றும் ஒரு குற்றச்சாட்டு எழுந்தது. ஃபெராரி தரும் நாடகம் இதில் இல்லையாம். இதை முழுசாக ஒதுக்கிவிட முடியாது. மனசு சும்மா இருக்கும்போது வீட்டு வாசலில் நிற்கும் காரைத் திரும்பிப் பார்க்க வைப்பதும் காரின் வேலைதானே? ஹோண்டாவும் 1992-ல் டைப் ஆர் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஏ.சி, ஆடியோ, சத்தத்தைத் தடுக்கும் பஞ்சு எல்லாவற்றையும் கழற்றி சுமார் 120 கிலோ குறைத்தார்கள். வேண்டுமானால் ஏ.சி-யைத் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஜப்பானில் மட்டும் விற்ற அந்த மாடலில் 483 கார்கள்தான் உருவாயின. இன்று சேகரிப்பாளர்கள் துரத்துவது அதைத்தான். தினமும் ஓட்ட வாங்குகிறவர் சாதாரண மாடலைத்தான் எடுக்க வேண்டும் என்பேன், கொஞ்சம் போர் என்று யார் சொன்னாலும்.

இரண்டாவது சாட்சி

மெக்லாரன் எஃப்1 காரை வடிவமைத்த கார்டன் முர்ரேயை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கான அளவுகோலாக ஃபெராரி, போர்ஷே, லம்போர்கினி என்று வரிசையாக ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர், என்.எஸ்.எக்ஸை ஓட்டியதும் மற்றவற்றை மறந்துவிட்டதாகச் சொன்னார். சும்மா பாராட்டிவிட்டுப் போகவில்லை. சொந்தமாக ஒன்றை வாங்கி 7 ஆண்டுகள், 75,000 கி.மீ ஓட்டினார். தன் காருக்கு எஞ்சின் கேட்டு ஹோண்டாவிடமே போனார். அவர்கள் மறுத்துவிட, பி.எம்.டபிள்யூ செய்து கொடுத்தது. 1998-ல் மணிக்கு 386 கி.மீ வேகத்தைத் தொட்ட அந்த மெக்லாரனில் ஏ.சி இருந்தது, பெட்டி வைக்க இரண்டு பக்கமும் அறைகள் இருந்தன. ஓட்டுநர் நடுவில், அவருக்குப் பின்னால் இருபுறமும் இருவர் என மூன்று பேர் போகலாம்.

முதல் தலைமுறை என்.எஸ்.எக்ஸ் 2005 வரை ஓடி, 18,000-க்குச் சற்று மேல் விற்று நின்றது. 2016-ல் வந்த இரண்டாவது தலைமுறை மூன்று மின்மோட்டார்களோடு 573 குதிரைத்திறன் கொடுத்தது. விடியற்காலையில் பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பாமல் கிளம்ப, பேட்டரியில் நகரும் 'க்வைட்' மோடும் இருந்தது. ஆனால் எடை 1,700 கிலோவைத் தாண்டிவிட்டது. 2022-ல் அதுவும் நின்றது. அதன் பந்தய வடிவமான என்.எஸ்.எக்ஸ்-ஜிடியை 2019-ல் ஜப்பானின் சூப்பர் ஜிடி தொடரில் ஓட்டியவர்களில் நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனும் ஒருவர். அந்த நவம்பரில் ஃபியூஜி ஸ்பீட்வேயில், ஜெர்மனியின் டிடிஎம் கார்களும் கலந்துகொண்ட போட்டியில் இரண்டாவது ரேஸை அவர் ஜெயித்தார். பெயரும் உருவமும்தான் ஒன்று, உள்ளே அது முழு ரேஸ் கார்.

உங்களுக்கு எப்போதாவது ஒரு ஸ்போர்ட்ஸ் காரை டெஸ்ட் டிரைவ் செய்யும் வாய்ப்பு வந்தால், ஷோரூம் ஆள் முதலில் காலியான நீண்ட ரோட்டுக்குத்தான் கூட்டிப் போவார். போங்கள், ஆசை தீர மிதியுங்கள், வேக எல்லைக்குள். திரும்பி வந்ததும் ஏ.சி-யைப் போட்டு, டிராஃபிக் உள்ள தெருவில் இருபது நிமிடம் ஓட்டக் கேளுங்கள். வேகத்தடை ஒன்றின் மேல் ஏற்றி இறக்குங்கள். சாவியைக் கொடுப்பதற்கு முன் கேமரா திரையைப் பார்க்காமல் ஒருமுறை ரிவர்ஸ் எடுங்கள். பெரிய சர்வீஸ் வந்தால் எஞ்சினைக் கீழே இறக்க வேண்டியிருக்குமா என்று கேட்டு, பதிலை எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள்.