பகைவனுக்கும் ஒரு கல்

மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பார்வேட்டைக்காகப் பழையசீவரம் மலைக்கு எழுந்தருளுவார். இந்த வருஷம் நானும் போயிருந்தேன். தரிசனம் முடிந்து படியில் உட்கார்ந்திருந்தபோது கூட வந்த நண்பரிடம், "நாளைக்குப் புள்ளலூர் போய்வரலாமா? ஹைதர் அலியிடம் அங்கே சிறைப்பட்டவர்களைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறேன்" என்றேன்.

நண்பர் முகத்தைச் சுளித்தார். "கும்பினிப் பட்டாளந்தானே? பகைவன் செத்த இடத்தில் நமக்கென்ன ஐயா வேலை?"

இப்படிக் கேட்பவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. ஆகையால் பதிலை எல்லோருக்குமாகவே எழுதிவிடுகிறேன்.

புள்ளலூர் என்றதும் சரித்திர நாவல் வாசகர்களுக்கு மகேந்திர பல்லவன் ஞாபகம் வரும். அவன் அங்கே பகைவரை முறியடித்ததாகக் காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. 1780 செப்டம்பர் 10-ஆம் தேதி அதே மண்ணில் கர்னல் பெய்லியின் படையை ஹைதரும் திப்புவும் சின்னாபின்னமாக்கினார்கள். காஞ்சிப் பக்கத்தில் பெரும் படையோடிருந்த மன்றோ உதவிக்கு வந்து சேரவில்லை. அழிந்த படையில் மூவாயிரத்துக்கு மேற்பட்டவர் இருந்தனர். அவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள் அல்ல, நம் நாட்டுச் சிப்பாய்கள்.

பெய்லி 1782-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் இறந்தார். 1816-இல் அவருடைய உறவினர் அங்கே ஒரு நினைவு மண்டபம் கட்டினார். தரியா தௌலத் மாளிகைச் சுவரோவியத்திலும் பெய்லி பல்லக்கில் உட்கார்ந்திருக்கிறார். 1781-இல் புள்ளலூரில் நடந்த இரண்டாவது சண்டையில் மாண்ட இரண்டு ஆங்கில அதிகாரிகளுக்கு அவ்வூரில் தூண்கள் நிற்கின்றன. 1784-இல் மங்களூர் உடன்படிக்கையால் விடுதலையான அதிகாரிகளில் சிலர் எழுதிவைத்த சிறைக் கதைகள் அச்சேறின.

சிப்பாய்க்கு என்ன கிடைத்தது? சிறைப்பட்டவர்களில் யார் வழியில் விழுந்தார், யார் சிறையில் மடிந்தார், யார் ஊர் திரும்பினார்? அவனுக்குக் கல் நட யாரும் முன்வரவில்லை. வெள்ளைக்காரனுக்கு அவன் வெறும் எண்ணிக்கை, நமக்கோ பகைவன்!

"கூலிக்குப் போனவன்" என்கிறார் நண்பர். எதிரில் நின்றவன் மட்டும் சம்பளம் வாங்காமலா நின்றான்? அரிசிக்கு வழி தேடிப் போனவன் கையில், அவன் காணாத இன்றைய கொடியைத் திணித்துவிட்டு, "சரியாகப் பிடிக்கவில்லையே" என்று இருநூறு வருஷங்களுக்கு அப்பால் உட்கார்ந்து தண்டனை விதிப்பது என்ன நியாயம்?

பழையசீவரத்துக்கு அக்கரையில் திருமுக்கூடல் தெரிகிறது. அங்கே பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையில் வைத்தியருக்கு எவ்வளவு நெல், மருந்து காய்ச்சும் பெண்களுக்கு எவ்வளவு, நாவிதருக்கு எவ்வளவு, தண்ணீர் கொண்டுவருபவருக்கு எவ்வளவு என்று அது கணக்குச் சொல்கிறது. தண்ணீர் சுமந்தவனையும் கல்லில் எழுதிவைத்த நாடு இது. அதற்கு எழுநூறு வருஷம் கழித்துச் செத்தவனை எழுத மட்டும் உளி மழுங்கிவிட்டதா?

குற்றவாளிகளின் வரிசையில் என்னையும் சேர்த்துக்கொள்கிறேன். "பதினாயிரம் வீரர் மாண்டனர்" என்று ஒரு வரியில் கொன்றுவிட்டு, அடுத்த வரியில் இளவரசியை நந்தவனத்துக்கு அழைத்துப் போகிற எழுத்தாளர்களில் நானும் ஒருவன். நீங்களும் அந்தப் பதினாயிரம் பேரைத் தாண்டி இளவரசியின் பின்னாலேயே வந்தீர்கள் அல்லவா?

அந்த இரண்டு தூண்களையும் இடிக்க வேண்டாம். அவற்றின் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கல் வேண்டும். அதில் தமிழில், இரு தரப்பிலும் இங்கே இறந்தவர்களுக்கும், இங்கிருந்து சிறைக்குப் போய்த் திரும்பாதவர்களுக்கும் என்று எழுத வேண்டும். பழைய பட்டாளத்துத் தஸ்தாவேஜுகளைப் புரட்டினால் சில பெயர்களாவது கிடைக்கக்கூடும். கிடைக்காவிட்டால், "பெயர் தெரியாதவர்கள்" என்றாவது பொறிக்கலாம். பெயர் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்வதில் அவமானம் இல்லை. தேடாமலே இருந்ததில்தான் இருக்கிறது.