ஸ்கேன் இருக்கட்டும், கையாலும் பார்க்கட்டும்!

மாசமாக இருக்கிற பெண்கள் பரிசோதனைக்குப் போனால், பல இடங்களில் இப்போது ஸ்கேன் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து, மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பி விடுகின்றனர். நம் பெண்களும், 'ஸ்கேன்ல எல்லாம் நல்லா இருக்காம்' என்று திருப்தியாகத் திரும்பி விடுகின்றனர். வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது பழங்காலப் பழக்கம் என்ற நினைப்பு!

எங்கள் உறவுப் பெண்ணும் இப்படித்தான் ஒரு தனியார் டாக்டரிடம் காட்டி வந்தாள். ஒன்பதாம் மாதம் வீட்டுக்கு வந்த கிராம சுகாதார நர்ஸ், வயிற்றைத் தொட்டுப் பார்த்து, 'தலை மேல இருக்கிற மாதிரி தெரியுது... உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போம்மா' என்றார். மறுபடி ஸ்கேன் எடுத்ததில் அதுவே உறுதியானது. நாள் குறித்து ஆபரேஷன் செய்ததில், தாயும் பிள்ளையும் நலம். தெரியாமலே இருந்து, பவுர்ணமி ராத்திரியில் வலி வந்திருந்தால்... எங்கள் ஊர் கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோ நகர்ந்திருக்குமா?

இது வெறும் கைப்பழக்கம் அல்ல, படிப்பு. ஜெர்மன் டாக்டர் லியோபோல்டு, 1894ல் வகுத்த நான்கு நிலைகளைத்தான் இன்றும் நர்சுகளுக்குச் சொல்லித் தருகின்றனர். மேல் வயிற்றில் இருப்பது தலையா, பிட்டமா. முதுகு எந்தப் பக்கம். அடிவயிற்றில் எந்தப் பாகம். தலை இடுப்பெலும்புக்குள் இறங்கியதா என்று வரிசையாகப் பார்ப்பார்களாம்.

வளர்ச்சியும் தெரியும். கர்ப்பப்பை, 20 வாரத்தில் தொப்புள் வரையும், 36 வாரத்தில் நெஞ்சுக்குழி வரையும் உயரும். ஆறு மாதத்துக்குப் பின், டேப்பால் அளந்தால், எத்தனை வாரமோ ஏறக்குறைய அத்தனை சென்டிமீட்டர் இருக்க வேண்டும். ரொம்பக் குறைந்தாலோ, கூடினாலோ ஸ்கேனுக்கு அனுப்புவர். ஸ்கேன் எடுப்பது இரண்டு, மூன்று தடவை தானே; இடைப்பட்ட நாட்களில் கைதான் கண்!

கூச்சம் வேண்டாம், 'திரையைப் போட்டுப் பாருங்கம்மா' என்று கேட்கலாம், தப்பில்லை. முன்னதாகச் சிறுநீர் கழித்து விட்டுப் போவது நல்லது. அதற்காக, 'எண்ணெய் தடவி குழந்தையைத் திருப்பி விடறேன்' என்று வருகிறவர்களிடம் வயிற்றைக் கொடுத்து விடாதீர்கள், அது ஆபத்து.

வளைகாப்புக்கு எத்தனை வகை சாதம் என்று கணக்குப் பார்க்கும் அம்மாக்களே, மாமியார்களே... ஒவ்வொரு பரிசோதனையிலும், 'வயித்தைப் பார்த்தாங்களா, அட்டையில எழுதினாங்களா?' என்றும் கேளுங்கள்!

— ஓர் இல்லத்தரசி, திருவண்ணாமலை.