இடைவெளியில் இருக்கிறது வாள்வீச்சு

2024 பாரிஸ் ஒலிம்பிக் வாள்வீச்சில் ஜப்பான் இரண்டு தங்கம், ஒரு வெள்ளி, இரண்டு வெண்கலம் வென்றது. 2008இல் பெய்ஜிங்கில் யூகி ஓட்டா ஃபாயில் பிரிவில் வெள்ளி வெல்லும்வரை இந்த விளையாட்டில் அந்நாட்டுக்கு ஒலிம்பிக் பதக்கமே கிடையாது.

இந்த வளர்ச்சிக்குச் சாமுராய் ரத்தம்தான் காரணம் என்று சொல்வது அந்த வீரர்களின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவதாகும். எப்பே என்ற இன்னொரு பிரிவின் அணியை வளர்த்த பயிற்சியாளர் உக்ரைனைச் சேர்ந்த ஒலெக்சாந்தர் கொர்பச்சுக். ஃபாயில் அணிக்குப் பயிற்சியாளராக வாய்த்தவர் பிரான்ஸின் எர்வான் லெ பெஷூ.

ஆனாலும் ஜப்பானிய வாட்கலையான கெண்டோவிடம் வாள்வீச்சு வீரர்கள் கற்க வேண்டியது நிறைய உண்டு. அடிக்கும் முறையை அல்ல. கெண்டோவில் மூங்கில் வாளை இரு கைகளாலும் பிடித்து அடிக்கிறார்கள். எப்பேயில் ஒரு கையால் குத்த வேண்டும். ஒன்றின் கைப்பழக்கம் மற்றதற்கு உதவாது. உதவக்கூடியது ‘மாஆய்’. அதாவது, எதிராளிக்கும் தனக்கும் நடுவே உள்ள தூரத்தையும் அதைக் கடக்கும் தருணத்தையும் சேர்த்தே அளக்கும் பயிற்சி. ஓரடி முன்வைத்தால் வாள் எட்டும், ஓரடி பின்வைத்தால் தப்பலாம் என்ற அந்த விளிம்பிலேயே கெண்டோ மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் பழகுகிறார்கள். அவசரப்பட்டு அடிப்பதில்லை, வாள்முனையால் நெருக்கி, எதிராளி தடுமாறும் நொடியை உண்டாக்குகிறார்கள்.

எப்பேக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். அங்கே உடல் முழுவதும் இலக்கு. நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்குக்குள் இருவரும் தொட்டுவிட்டால் இருவருக்கும் புள்ளி. முன்னிலையில் இருப்பவருக்கு அது லாபம். பின்தங்கியவர் கணக்கில்லாமல் பாய்ந்தால் தோல்வியை நோக்கியே பாய்கிறார்.

அடுத்தது ‘ஸான்ஷின்’. அடித்த பிறகும் விழிப்பு தளராமல் நிற்பது. கெண்டோவில் அடி சரியாக விழுந்தாலும், வெற்றிக் களிப்பில் துள்ளினால் புள்ளி பறிபோகலாம். வாள்வீச்சுக்கு அந்த விதி வேண்டியதில்லை. ஆனால் குத்திய மறுகணமே புள்ளியைக் காட்டும் விளக்கு எரிகிறதா என்று தலையைத் திருப்பும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே ஒழிக்க வேண்டும். நடுவர் நிறுத்தச் சொல்லும்வரை ஆட்டம் முடிவதில்லை. தடுத்தவரின் பதில் குத்து அந்த இடைவெளியில்தான் வந்து விழும்.

2023இல் சீனாவின் வூஷியில் நடந்த ஆசிய வாள்வீச்சு சாம்பியன்ஷிப்பில் சென்னையின் பவானி தேவி, சேபர் பிரிவின் அன்றைய உலக சாம்பியனான ஜப்பானின் மிசாகி எமுராவை 15-10 என வீழ்த்தி வெண்கலம் வென்றார். அவரைப் பார்த்துச் சேரும் பிள்ளைகளுக்கு வேகத்தைப் பிறகு சொல்லிக்கொடுக்கலாம். முதலில் வாளைக் கீழே வைத்துவிட்டு, இணையாளியின் காலடிக்கு ஏற்ப முன்னும் பின்னும் நகர்ந்து தூரத்தைக் காக்கப் பழக்குங்கள். பிறகு ஒவ்வொரு குத்துக்குப் பின்னும் தற்காப்பு நிலைக்குத் திரும்பாவிட்டால் அந்தப் புள்ளியைப் பயிற்சியில் கணக்கில் சேர்க்காதீர்கள்.