மரத்துப்போதல் என்னும் சொல்

போலகத்து வயல்களில் நடவு நடும் பெண்கள் தம் கையைப் பார்ப்பதில்லை. பக்கத்தில் நடுபவளோடு பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். விரல்கள் நாற்றுமுடியிலிருந்து நாற்றைப் பிரித்துச் சேற்றுக்குள் உரிய ஆழத்தில் ஊன்றித் திரும்பும். மழைக்கால இருட்டில் வழுக்கும் வரப்பின்மேல் வீடு திரும்புபவரும் தம் காலை நோக்கி நடப்பதில்லை. கை எங்கிருக்கிறது, முழங்கால் எவ்வளவு மடிந்திருக்கிறது என்பதைத் தசைகளிலும் தசைநாண்களிலும் மூட்டுகளிலும் பதிந்துள்ள உணர்விகள் கணந்தோறும் மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. ஐம்புலன் என்று எண்ணிப் பழகிய நாம் இந்தப் புலனுக்கு வழக்கில் ஒரு பெயர்கூட வைக்கவில்லை. இங்கே இருப்புணர்வு என்று சொல்லிக்கொள்வோம்.

எப்போதும் உடனிருப்பதற்குப் பெயர் தேவைப்படுவதில்லை போலும். இங்கிலாந்தைச் சேர்ந்த இயன் வாட்டர்மனுக்கு 1971இல், தம் 19ஆம் வயதில், கழுத்துக்குக் கீழே தொடுவுணர்வும் இருப்புணர்வும் அற்றுப்போயின. தசைகளுக்கு வலு இருந்தது. வலியும் சூடும் தெரிந்தன. ஆனால் கால் எங்கே இருக்கிறது என்பது தெரியாது. ஒவ்வோர் அசைவையும் கண்ணால் பார்த்துப் பார்த்தே மீண்டும் நடக்கப் பழகினார். விளக்கணைந்தால் சரிந்து விழுந்தார். காரைக்காலம்மையார் தலையால் நடந்து கயிலை ஏறியதைச் சேக்கிழார் வழி அறிந்த நமக்கு, வாட்டர்மன் தம் அறைக்குள் நடந்த நடையும் அதற்குக் குறைந்ததன்று என்றே தோன்றுகிறது.

வலியைப் பொறுத்தவரை தமிழ் வறுமைப்பட்ட மொழியன்று. குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், விண்விண் என்று தெறித்தல் என ஒவ்வொன்றும் வேறு. முள் தைத்ததும் சுரீர் என்பது மெல்லிய உறையுடைய நரம்பிழைகளில் விநாடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் செல்லும் செய்தி; பின்னர் மெல்லப் பரவும் கடுப்பு, உறையற்ற இழைகளில் விநாடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் வேகத்தில் வருவது. மிளகாய் பட்டாலும் தீ பட்டாலும் ‘எரிகிறது’ என்கிறோம். 1997இல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் கண்டதும் இதுவே: மிளகாயின் காரப்பொருளும் 43 டிகிரிக்கு மேற்பட்ட சூடும் நரம்பின் ஒரே புரதவாயிலைத் திறக்கின்றன. தொடுகைக்கும் இருப்புணர்வுக்குமான பியசோ புரதங்களை 2010இல் கண்டறிந்த ஆர்டெம் படபூட்டியனும் அவரும் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இத்தனை சொற்கள் இருக்க, நம் சிறுகதைகளில் பெரும்பாலானவை ‘வலித்தது’ என்ற ஒன்றோடு நின்றுவிடுவது ஏன் என்று கேட்கலாம்.

வலியற்றுப் போதலுக்கு நம் நாவில் முதலில் வருவது மரத்துப்போதல். தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுக்கும்போது, புல்லுக்கும் மரத்துக்கும் உரியதாகச் சொன்ன ஒரே அறிவு தொடுவுணர்வு. அந்த அறிவு இழந்த உடம்பைச் சொல்லும்போதுதான் நம் காதில் மரம் ஒலிக்கிறது! சொல்லின் வேரை ஆய்வாளரிடம் விடுவோம்.

மரத்துப்போன கைகளின் வரலாறு வேலூரில் எழுதப்பட்டது. கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், மருத்துவராகி 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோய் சதையை அழுகச்செய்து விரல்களை உதிர்க்கிறது என்பதே அன்று மருத்துவர்களும் நம்பியது. துருப்பிடித்த பூட்டொன்றைத் தம்மால் திறக்க முடியாமல் நின்றபோது, நோயாளியான சிறுவன் ஒருவன் சாவியை வாங்கித் திருகித் திறந்ததை பிராண்ட் எழுதியிருக்கிறார். அவன் விரலில் எலும்பு தெரியும் வெட்டு. அவனுக்கு அது தெரியவில்லை. இரவில் விரல்கள் காணாமற்போனதற்குக் காரணம் தேடினால், உறங்குபவரை எலி கடித்திருந்தது. வீடு திரும்பும் நோயாளிகளோடு பூனையும் அனுப்பப்பட்டது. நோய்க்கிருமி நரம்பைக் கெடுக்கிறது. வலி அறியாமையால் நேரும் தீப்புண்ணும் வெட்டும் தொற்றுமே விரலைக் கொள்ளைகொள்கின்றன.

இது தெரியவந்த பின்னும் நம் கலை மாறவில்லை என்பதே எங்கள் குறை. 1954இல் வெளியான ‘இரத்தக்கண்ணீர்’ படத்தில் தொழுநோய் ஒழுக்கக்கேட்டின் கூலி. எம்.ஆர். இராதாவின் நடிப்பை நாமும் வியக்கிறோம். ஆயினும் அந்தக் கதை ஒரு மருத்துவப் பொய்யின்மேல் எழுந்தது. நாடகத்துக்கு அது தேவைப்பட்டது என்பார்கள். தெருவில் விலக்கப்பட்டவருக்கு அந்த விளக்கத்தால் என்ன பயன்? தொழுநோய் ஒழிப்பு இலக்கை 2005 இறுதியில் எட்டிவிட்டதாக அறிவித்த இந்தியாவில், இன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் பேருக்குப் புதிதாக நோய் கண்டறியப்படுகிறது. மருந்தால் குணமாகும் நோய். மரத்த தேமலை மறைத்துவைக்கச் செய்வது அச்சம். அச்சத்துக்கு உரம் போட்டதில் கதைகளுக்கும் பங்குண்டு.

பிராண்ட் பின்னர் அமெரிக்காவில் செயற்கை வலியை உருவாக்க முயன்றார். கையுறையில் உணர்விகள், அழுத்தம் மிகுந்தால் அக்குளில் மின் அதிர்ச்சி. முடுக்காத திருகாணியை முடுக்க வேண்டிவந்தபோது நோயாளி கம்பியைக் கழற்றிவிட்டு முடுக்கி, மீண்டும் மாட்டிக்கொண்டார். திட்டம் கைவிடப்பட்டது.

நீரிழிவு நம் வீடுதோறும் நுழைந்துவிட்ட காலம் இது. அது பாத நரம்புகளைக் கெடுத்தவர்கள் சித்திரை வெயிலில் வெறுங்காலோடு கோயில் பிரகாரம் சுற்றி, கொப்புளம் கண்ட பிறகே சூட்டை அறிகிறார்கள். 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையொன்றை, கண்ணை மூடச்சொல்லி, பாதத்தில் வைத்துப் பார்ப்பார் மருத்துவர். ‘தெரிகிறதா?’ என்பதே கேள்வி. ஐந்து நிமிடம்கூட ஆகாது.